சிறிய நாடு, பெரிய சராசரி: ஆய்வு வெளியீட்டையும் மேற்கோள் தாக்கத்தையும் அளப்பது எப்படி?

கேள்வி இதுதான்: சில லட்சமோ இருபது லட்சமோ மக்கள் வாழும் ஒரு நாட்டின் அறிவியல் ஆய்வு எவ்வளவு, உலகம் அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்கிறது என்று கணக்கிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் அத்தகைய நாடுகளின் மேற்கோள் சராசரி, அதாவது ஒரு கட்டுரையைப் பிற ஆய்வுக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை சுட்டுகின்றன என்ற எண், பெரிய நாடுகளையே முந்தி நிற்கிறது. அதை நம்பலாமா?

அப்படியே நம்ப முடியாது. பொய் என்று ஒதுக்கவும் முடியாது. அந்தச் சராசரியில் கூட்டல் பிழை எதுவும் இருக்காது. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கட்டுரைகளே அதைத் தூக்கி நிறுத்தியிருக்கும். அந்தக் கட்டுரைகளில் அந்த நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றாகவும் இருக்கலாம், ஆயிரத்தில் ஒன்றாகவும் இருக்கலாம்.

விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு நாடு ஓர் ஆண்டில் 200 கட்டுரைகள் வெளியிடுகிறது. துறையும் ஆண்டும் சமன்செய்த (ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோளையும் அதே துறை, அதே ஆண்டுக் கட்டுரைகளின் சராசரியால் வகுத்த) உலகச் சராசரி 1 என்றால், இதில் 196 கட்டுரைகளின் சராசரி 0.8. மீதி நான்கும் நூறு நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதியவை. ஒவ்வொன்றும் உலகச் சராசரியைப்போல் 60 மடங்கு மேற்கோள் பெற்றவை. கூட்டினால் 156.8 + 240 = 396.8. இருநூறால் வகுத்தால் 1.98. உலகச் சராசரியைப்போல் இருமடங்கு என்று அறிக்கை எழுதிவிடலாம். இப்போது ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த நாட்டுக்கு உரிய பங்கை மட்டும் எடுப்போம். 196 கட்டுரைகளில் சராசரியாகப் பாதிப் பங்கு என்றால் 98. நான்கு பெருங்கட்டுரைகளில் நூற்றில் ஒன்று வீதம் மொத்தம் 0.04. (98 × 0.8 + 0.04 × 60) ÷ 98.04 = 0.82. தரவு ஒன்றே, நாடும் ஒன்றே. ஒரு கணக்கில் 1.98, இன்னொன்றில் 0.82.

இது கற்பனைச் சிக்கல் இல்லை. துகள்களை மோதவிட்டு ஆராயும் கருவியான பெரிய ஹாட்ரான் மோதுவியில் இயங்கும் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு குழுக்களும் சேர்ந்து ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களும் முகவரிகளும்தான். லான்செட் இதழில் வரும் உலக நோய்ச்சுமை ஆய்வுகளும் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைக் கொண்டவை. மருத்துவத் துறையிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அவை அடக்கம். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கட்டுரை வெளியிடும் நாட்டில் இப்படிப்பட்ட பத்துக் கட்டுரைகள் இருக்கும் இடமே தெரியாது. இருநூறு வெளியிடும் நாட்டில் அவைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

ஆகவே முதலில் முடிவுசெய்ய வேண்டியது எண்ணும் முறையை. தரவுத்தளம் எது, மென்பொருள் எது என்பதெல்லாம் பிறகுதான். முழுக் கணக்கில், அந்த நாட்டின் முகவரி ஒன்றாவது இருந்தால் கட்டுரை முழுதாக ஒன்று என்று சேரும். உலக நாடுகளை எல்லாம் இப்படிக் கூட்டினால் மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்டும், ஏனென்றால் ஒரே கட்டுரை பல நாடுகளின் கணக்கில் ஏறுகிறது. பங்குக் கணக்கில் கட்டுரைக்கு மொத்தமே ஒரு புள்ளி. அது பிரித்துக் கொடுக்கப்படுகிறது. எப்படிப் பிரிப்பது என்பதிலும் வேறுபாடு உண்டு. நாடுகளின் எண்ணிக்கையால் பிரிக்கலாம், ஆசிரியர்களின் எண்ணிக்கையால் பிரிக்கலாம். மேலே சொன்ன இயற்பியல் கட்டுரையில் ஒரு நாட்டுக்கு 5 ஆசிரியர்கள் என்று வைத்தால் ஆசிரியர்வழிப் பங்கு சுமார் 0.001. நாற்பது நாடுகள் என்று கொண்டு நாட்டுவழியில் பிரித்தால் 0.025. இரண்டுக்கும் 25 மடங்கு இடைவெளி. ஆசிரியர்வழிப் பங்கே நேர்மையானது என்பது என் கருத்து. ஓர் ஆசிரியருக்கு இரண்டு நாடுகளில் முகவரி இருந்தால் அவருடைய பங்கை மட்டும் பாதிப் பாதியாக்குங்கள். இந்த இரட்டை முகவரி சிறிய நாடுகளில் அடிக்கடி வரும்: வெளிநாட்டில் முழுநேரப் பணி, இங்கே வருகைப் பேராசிரியர் பதவி.

முழுக் கணக்கு தவறு என்று சொல்லவில்லை. ‘எத்தனை ஆய்வுகளில் நம் ஆட்கள் பங்கேற்றிருக்கிறார்கள்’ என்ற கேள்விக்கு அதுதான் சரியான விடை. ‘உலக அறிவியலுக்கு நாம் எவ்வளவு கொடுத்தோம்’ என்பதற்குப் பங்குக் கணக்கு. ‘நாமே முன்னின்று நடத்தியது எவ்வளவு’ என்பதற்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: தொடர்பு ஆசிரியரோ (கட்டுரை பற்றிய கடிதத் தொடர்புக்குப் பொறுப்பானவர்) முதல் ஆசிரியரோ உள்நாட்டவராக இருக்கும் கட்டுரைகளை மட்டும் தனியே எடுப்பது. துகள் இயற்பியலில் பெயர்கள் அகர வரிசையில் வரும், தொடர்புக்குக் குழுவின் பெயரே நிற்கும். அங்கே இந்த மூன்றாவது வழி பொருளற்றது. மற்ற பெரும்பாலான துறைகளுக்குப் பயன்படும். மூன்றையும் அடுத்தடுத்த பத்தியில் போடும் அட்டவணை அதிகம் சொல்லும். முதல் எண் பெரிதாகவும் மூன்றாவது மிகச் சிறிதாகவும் இருந்தால், அந்த நாட்டின் புகழ் பெரும்பாலும் கூட்டாளிகளிடமிருந்து வருகிறது என்று பொருள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் தவறு.

அடுத்தது தரவு. வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் இரண்டும் கட்டுரைகளையும் அவற்றின் மேற்கோள்களையும் பதிந்துவைக்கும் கட்டணத் தளங்கள். டைமென்ஷன்ஸ் ஓரளவு இலவசம். 2022இல் தொடங்கிய ஓப்பன் அலெக்ஸ் முழுக்கத் திறந்த தரவு. கூகுள் ஸ்காலரில் அதிக மேற்கோள்கள் தெரியும், ஆனால் நாட்டு முகவரியை வைத்துத் தேட வழி இல்லாததால் இந்த வேலைக்கு உதவாது. வெப் ஆஃப் சயின்ஸ் பயன்படுத்தினால் எந்தெந்தப் பிரிவுகள் உங்கள் சந்தாவில் உள்ளன என்று பாருங்கள். 2015இல் வளரும் இதழ்களுக்கான பட்டியல் சேர்க்கப்பட்ட பிறகு, அதையும் சேர்த்து எண்ணுவதற்கும் விட்டு எண்ணுவதற்கும் சிறிய நாடுகளில் பெரிய வித்தியாசம் வரும், ஏனென்றால் வட்டார இதழ்கள் பல அதில்தான் இருக்கின்றன. இலவசமாகப் பலரும் பார்ப்பது சிமாகோவின் நாட்டுப் பட்டியல். அது ஸ்கோபஸ் தரவில் இயங்குகிறது, 1996 முதல் எண்கள் தருகிறது, முழுக் கணக்குப் போடுகிறது. அதை ‘கட்டுரைக்கு எத்தனை மேற்கோள்’ என்ற வரிசையில் அடுக்கிப் பாருங்கள்: மேலே வருபவை பெரும்பாலும் ஒரு சில கட்டுரைகளே உள்ள குட்டித் தீவுகளும் ஆட்சிப்பகுதிகளும். ஒரு குறைந்தபட்ச வரம்பு வைக்காமல் அந்த வரிசையை மேற்கோள் காட்டுவதில் அர்த்தமே இல்லை. நேச்சர் இன்டெக்ஸ் பங்குக் கணக்கைத் தருகிறது, ஆனால் தேர்ந்தெடுத்த சில இதழ்களில் வந்த கட்டுரைகளை மட்டுமே எண்ணுகிறது. மேற்கோளை அது தொடுவதே இல்லை.

எந்தத் தளமாக இருந்தாலும் அது எவ்வளவைப் பிடிக்கிறது என்று ஒருமுறை சோதித்தாக வேண்டும். எஸ்டோனியாவில் எடிஸ், ஸ்லோவேனியாவில் சிக்ரிஸ், குரோஷியாவில் கிராஸ்பி என்று தேசிய ஆய்வுப் பதிவேடுகள் இருக்கின்றன. அப்படி ஒன்று இருந்தால் அதிலிருந்து 100 வெளியீடுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவற்றில் எத்தனை தரவுத்தளத்தில் உள்ளன, உள்ளவற்றில் எத்தனைக்கு நாட்டு முகவரி சரியாகப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பதிவேடு இல்லாவிட்டால் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் ஆண்டறிக்கைப் பட்டியலே போதும். 100 மாதிரிக்குப் பிழை எல்லை ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளி. ‘பாதிதான் பிடிபடுகிறது’ என்று தெரிந்துகொள்ள அது தாராளம். பிறகு எதிர்த்திசையில்: தளம் அந்த நாட்டுடையது என்று தரும் 100 கட்டுரைகளைத் திறந்து முகவரியைப் படியுங்கள். ஓப்பன் அலெக்ஸில் பதிப்பகம் முகவரி தராத கட்டுரைகளுக்கு நாடே இருக்காது. நிறுவனப் பெயர் வேறொன்றோடு பொருத்தப்பட்டதால் நாடு மாறியவையும் கிடைக்கும்.

நாட்டுப் பெயர்களில் உள்ள கண்ணிவெடிகள் தனி ரகம். ஜார்ஜியா ஒரு நாடு, அமெரிக்க மாநிலமும்கூட. அந்த மாநிலத்தின் சுருக்கக் குறியீடான ஜி.ஏ. நாட்டுக் குறியீடாக வந்தால் காபோன். நியூ ஹாம்ப்ஷயரில் லெபனான் என்ற ஊரில் ஒரு பெரிய மருத்துவ மையம் இருக்கிறது. பாஸ்டனில் ஜமைக்கா பிளெயின் என்ற பகுதி உண்டு. நைஜர், நைஜீரியா, டொமினிக்கா, டொமினிக்கன் குடியரசு, கினி என்ற பெயர் வரும் நான்கு நாடுகள், இரண்டு காங்கோக்கள். முகவரி வரியில் நாட்டின் பெயரைச் சொல்லாகத் தேடினால் இவை எல்லாம் கலந்து வரும். பெரிய நாட்டின் கட்டுரைகளில் ஆயிரத்தில் ஒன்று தவறி வந்து விழுந்தாலும் சிறிய நாட்டின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். எப்போதும் தளம் தரும் நாட்டுக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள், பிறகும் ஊர்களின் பட்டியலை எடுத்து ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். தெரியாத ஊர் ஒன்று முதல் பத்தில் வந்தால் அங்கேதான் பிழை.

பெயர் மாறிய நாடுகளும் உண்டு. சுவாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி ஆனது. மாசிடோனியா 2019இல் வட மாசிடோனியா. 2006 வரை செர்பியாவும் மாண்டினீக்ரோவும் ஒரே அரசு. இவற்றின் நீண்டகால வரைபடம் வரையும்போது பழைய பெயர்களில் உள்ள முகவரிகளை ஊர்வாரியாகப் பிரித்தால்தான் தொடர்ச்சி கிடைக்கும். இன்னொன்று: வெப் ஆஃப் சயின்ஸில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து தனித்தனியாக வரும். கூட்டாளி நாடுகளை எண்ணும்போது அவற்றை ஒன்றாக்காவிட்டால் பங்குகள் எல்லாம் தவறும்.

நமீபியாவை ஆராய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதன் ஈரெழுத்துக் குறியீடு என்.ஏ. தரவை அலசப் பயன்படும் ஆர் நிரல்மொழியும் பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பும் கோப்பைப் படிக்கும்போது அந்த இரண்டு எழுத்துகளை ‘மதிப்பு இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது; நாடு மட்டும் அட்டவணையிலிருந்து காணாமல் போகும். படிக்கும்போதே அந்த இயல்பு அமைப்பை அணைத்துவிட வேண்டும்.

தரவை இறக்கும்போது இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். நிரல்வழியாகப் பட்டியல் கேட்டால் சில தளங்கள் ஆசிரியர் வரிசையை முதல் 100 பேரோடு வெட்டித் தரும். சிக்கலை உண்டாக்கும் கட்டுரைகளே ஆயிரம் பேர் எழுதியவைதான் என்பதால் இந்த வெட்டு சரியாக வேண்டாத இடத்தில் விழுகிறது. ஆயிரத்தில் 3 ஆக இருக்க வேண்டிய பங்கு நூற்றில் 3 ஆகிவிடும், அல்லது உங்கள் நாட்டு ஆசிரியர் வெட்டுப்பட்ட பகுதியில் போய் பங்கே பூஜ்யம் ஆகிவிடும். ஆசிரியர் எண்ணிக்கை சரியாக 100 என்று நிற்கும் பதிவுகளை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டு வாங்கினால் போதும்; சிறிய நாட்டில் அது சில பத்துகளைத் தாண்டாது.

இனி மேற்கோள். வெறும் எண்ணிக்கையை ஒப்பிடுவது வீண்: உயிர் மூலக்கூறு ஆய்வில் ஒரு கட்டுரை சாதாரணமாகப் பெறுவதைக் கணிதத்தில் நல்ல கட்டுரைகூடப் பெறாது, ஐந்தாண்டுப் பழைய கட்டுரைக்குக் கிடைத்தது போன ஆண்டுக் கட்டுரைக்குக் கிடைத்திருக்காது, மீள்பார்வைக் கட்டுரைகள் எப்போதும் கூடுதலாகப் பெறும். அதனால் ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோளையும் அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியால் வகுக்கிறோம். தலையங்கம், கடிதம், மாநாட்டுச் சுருக்கம் ஆகியவற்றை முதலிலேயே விலக்கிவிடுங்கள். ஸ்கோபஸ் தரவில் இயங்கும் சைவால் கருவி தரும் விகிதமும் வெப் ஆஃப் சயின்ஸ் தரவில் இயங்கும் இன்சைட்ஸ் தரும் விகிதமும் பெயரில் ஒத்திருந்தாலும் ஒன்றல்ல. முன்னது வெளியான ஆண்டையும் அடுத்த மூன்று ஆண்டுகளையும் மட்டும் எண்ணுகிறது. பின்னது இன்றுவரை வந்த எல்லாவற்றையும் எண்ணுகிறது. ஒன்றிலிருந்து உங்கள் நாட்டையும் மற்றதிலிருந்து அண்டை நாட்டையும் எடுத்து ஒரே அட்டவணையில் வைத்த அறிக்கைகளைப் பார்க்கலாம். அந்த அட்டவணையைப் படிக்கவே வேண்டாம்.

நேச்சர், சயின்ஸ் போன்ற பல்துறை இதழ்களில் வந்தவை ‘பல்துறை’ என்ற ஒரே பெட்டியில் விழும். ஆண்டுக்கு மூன்று நான்கு அப்படி வருகிற நாட்டில், அவை ஒவ்வொன்றின் உண்மைத் துறை எதுவென்று நீங்களே குறித்துக் கணக்கிடுவது நல்லது. இதழ்வாரியாக அன்றிக் கட்டுரைவாரியாகத் துறை ஒதுக்கும் தளங்களில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அங்கே துறை ஒதுக்கீட்டிலேயே பிழை கூடுதல்.

சராசரி என்பதே மேற்கோளுக்குப் பொருந்தாத அளவு. பெரும்பாலான கட்டுரைகள் கொஞ்சம் பெறும், சில மட்டும் வானளாவப் பெறும். அதனால்தான் பல்கலைக்கழகங்களுக்கான லைடன் தரவரிசை போன்றவை, துறையில் அதிகம் மேற்கோள் பெற்ற முதல் 10 சதவீதத்துக்குள் வரும் கட்டுரைகளின் விழுக்காட்டை முன்வைக்கின்றன. அறுபது மடங்கு பெற்ற கட்டுரையும் மூன்று மடங்கு பெற்றதும் அதில் தலைக்கு ஒன்றுதான். மேலே வைத்துக்கொண்ட நாட்டில் 196இல் 14 கட்டுரைகள் அந்த எல்லைக்குள் வந்தன என்றால் 7.1 சதவீதம், பெருங்கட்டுரைகள் நான்கையும் சேர்த்தால் 200க்கு 18, அதாவது 9 சதவீதம். சராசரியைப்போல் இது தலைகுப்புறக் கவிழவில்லை.

ஆனால் 9 சதவீதம் என்பதை 9 சதவீதம் என்று மட்டும் எழுதினால் பாதியே சொன்னதாகும். 200 கட்டுரைகளுக்கு அதன் 95 சதவீத இடைவெளி ஏறக்குறைய 5 முதல் 13 வரை. உலக எதிர்பார்ப்பான 10 அதற்குள்ளேயே இருக்கிறது. போன ஆண்டு 7, இந்த ஆண்டு 9, ‘பாய்ச்சல்’ என்று தலைப்புப் போடுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ‘நாட்டின் கட்டுரைகள் எல்லாவற்றையும்தானே எடுத்தோம், மாதிரி எடுக்கவில்லையே, பிறகு ஏன் இடைவெளி?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கட்டுரை இந்த டிசம்பரில் வராமல் அடுத்த ஜனவரியில் வந்திருந்தால் எண் எவ்வளவு மாறியிருக்கும் என்பதைத்தான் அது காட்டுகிறது. போடுவது எளிது: உங்கள் 200 கட்டுரைகளிலிருந்து திரும்பப் போட்டுத் திரும்ப எடுக்கும் முறையில் 200ஐக் குலுக்கி எடுங்கள், அளவைக் கணக்கிடுங்கள், இதை 1,000 முறை செய்யுங்கள், வரிசைப்படுத்தி இரு முனையிலும் 2.5 சதவீதத்தை வெட்டினால் மிஞ்சுவது இடைவெளி. இடைவெளி பெரிதாக வந்தால் ஆண்டுகளைச் சேர்த்து நான்காண்டுத் தொகுப்பாக்குங்கள். லைடன் தரவரிசையும் நான்காண்டுக் காலங்களைத்தான் எடுக்கிறது. துறைவாரியாகப் பிரித்த பிறகு ஒரு துறையில் 50 கட்டுரைகூடத் தேறவில்லை என்றால் அங்கே விழுக்காடே போடாதீர்கள். கட்டுரைகளின் பெயர்களைப் பட்டியலிடுவது மேல்.

சிறிய நாட்டுக்கு மட்டுமே வாய்த்த வசதி ஒன்று இங்கே இருக்கிறது. புள்ளியியலை உடைக்கும் அதே சிறுமை, ஒவ்வொரு முக்கியக் கட்டுரையையும் மனிதர் ஒருவர் திறந்து படிக்க இடம் தருகிறது. ஜெர்மனிக்கு யாராலும் இதைச் செய்ய முடியாது. ஐந்தாண்டுக் கட்டுரைகளைச் சமன்செய்த மேற்கோள் விகிதத்தின்படி இறங்குவரிசையில் அடுக்கி, மேலிருந்து 50ஐ எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் மொத்தம், நாடுகள் மொத்தம், உள்நாட்டு ஆசிரியர் எத்தனை பேர், முதலிலா கடைசியிலா நடுவிலா, தொடர்பு ஆசிரியர் யார், உள்நாட்டு நிதி உண்டா என்று குறியுங்கள். இப்போது பல இதழ்கள் யார் என்ன செய்தார் என்ற பங்களிப்புக் குறிப்பைக் கட்டுரையின் இறுதியில் தருகின்றன. அதில் உங்கள் நாட்டவர் ‘தரவு சேகரிப்பு’ என்பதோடு நின்றுவிட்டாரா, ‘கருத்துருவாக்கம்’ வரை வருகிறாரா என்று பாருங்கள். ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் வைத்தாலும் ஒன்பது மணி நேரத்துக்குள் முடியும் வேலை. எந்தக் கட்டணக் கருவியும் தராத விடை இதிலிருந்து கிடைக்கும்.

படித்து முடித்ததும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். மேலேயிருந்து ஒவ்வொரு கட்டுரையாக நீக்கி, சராசரி எப்படி இறங்குகிறது என்று வரையுங்கள். ஐந்தை நீக்கியதும் பாதியாகிவிட்டால் அந்தச் சராசரி அந்த ஐந்தின் சராசரி, நாட்டினுடையதல்ல. இரண்டாவது, நிறுவனங்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது. ஐஸ்லாந்தில் மரபியல் ஆய்வில் டிகோட் ஜெனடிக்ஸ், பனாமாவில் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனம், காம்பியாவில் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் குழு நிறுவிய பிரிவு என்று ஒரே நிறுவனம் நாட்டின் மேற்கோள்களில் பெரும்பகுதியைச் சுமப்பது அரிதல்ல. அவை அந்த மண்ணில் நடக்கும் உண்மையான ஆய்வுகள், கழித்துவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு எவ்வளவு நிதி ஒதுக்குவது என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு, அந்த நிறுவனத்தோடு ஓர் எண்ணும் இல்லாமல் ஓர் எண்ணும் தேவை.

காலப்போக்கைக் காட்டும்போது தரவுத்தளத்தின் வளர்ச்சியை நாட்டின் வளர்ச்சியாக எண்ணிவிடக் கூடாது. உள்நாட்டு இதழ் ஒன்று தளத்தில் சேர்க்கப்பட்ட ஆண்டில் வெளியீட்டு எண்ணிக்கை திடீரென்று ஏறும், கட்டுரைக்கான மேற்கோள் அதே ஆண்டில் இறங்கும். ‘அளவு கூடியது, தரம் குறைந்தது’ என்று வாசிக்கத் தோன்றும். நடந்தது என்னவோ பட்டியல் நீண்டதுதான். தொடக்க ஆண்டு முதலே தளத்தில் இருந்துவரும் இதழ்களை மட்டும் வைத்து இன்னொரு கோடு வரைந்தால் உண்மை தெரியும். எதிர்மாறாக, தரம் பார்த்து விலக்கப்பட்ட இதழ்களில் ஒரு நாட்டின் ஆய்வாளர்கள் மொத்தமாக எழுதிக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டில் எண்ணிக்கை சரியும்.

தன்மேற்கோளைக் கழிப்பதா என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். நாடு தன்னையே மேற்கோள் காட்டும் அளவு பெரிய நாடுகளில் இயல்பாகவே கூடுதல், ஏனென்றால் ஒரு துறையின் வாசகர்களில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறார்கள். சிறிய நாட்டின் மேற்கோள்கள் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும். நாட்டுத் தன்மேற்கோளைக் கழித்துக் காட்டினால் சிறிய நாட்டுக்குச் சாதகம். ஆசிரியர் தன்மேற்கோளைக் கழிப்பதில் வேறொரு வேடிக்கை: மூவாயிரம் பேர் எழுதிய கட்டுரையைப் பிறகு மேற்கோள் காட்டுபவர்களில் பலர் அந்த மூவாயிரத்தில் ஒருவராகவே இருப்பார்கள். கழித்தால் அந்தக் கட்டுரைகளின் எண் வெகுவாக இறங்கலாம். இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, வித்தியாசம் சிறிதானால் கழிக்காத எண்ணைப் போட்டு ஓர் அடிக்குறிப்போடு விட்டுவிடலாம்.

மக்கள்தொகையால் வகுப்பது எல்லோருக்கும் பிடித்த வேலை. வத்திக்கானில் ஆயிரம் பேர்கூட இல்லை; ஆனால் அதற்கு ஒரு வானாய்வகம் உண்டு, அதிலிருந்து கட்டுரைகள் வருகின்றன. பத்து லட்சம் பேருக்கு எத்தனை கட்டுரை என்று போட்டால் உலகத்தையே தோற்கடிக்கும். மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுப்பதும் சில இடங்களில் காலை வாரும். லக்சம்பர்க்கின் உற்பத்தியில் பெரும்பங்கு தினமும் எல்லை தாண்டி வந்து போகும் பணியாளர்களுடையது. அயர்லாந்தில் பன்னாட்டு நிறுவனங்களின் கணக்குகள் அந்த எண்ணை ஊதிப் பெருக்குவதால் அந்நாட்டுப் புள்ளியியல் துறையே திருத்திய தேசிய வருமானம் ஒன்றை வெளியிடுகிறது. இவற்றைவிட நல்ல வகுஎண், ஆய்வுப் புள்ளிவிவரம் திரட்டுவதற்கான பன்னாட்டு வழிகாட்டியான பிராஸ்காட்டி கையேட்டின்படி முழுநேரச் சமமாகக் கணக்கிட்ட ஆய்வாளர் எண்ணிக்கை. தலை எண்ணிக்கையை எடுத்தால், நாளில் பாதி வகுப்பெடுக்கும் விரிவுரையாளரும் முழுநேர ஆய்வாளரும் ஒன்றாகிவிடுவார்கள். பணம் செலவான ஆண்டுக்கும் கட்டுரை வரும் ஆண்டுக்கும் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள்.

வரலாறு, தத்துவம் போன்ற கலைத் துறைகளையும் சட்டத்தையும் உள்நாட்டு மொழி இலக்கியத்தையும் இந்த முறையில் அளக்க வேண்டாம். புத்தகங்களும் உள்நாட்டு மொழி இதழ்களும் இந்தத் தளங்களில் சரியாக வருவதில்லை. நார்வே போன்ற நாடுகள் தேசியப் பதிவேட்டை வைத்தே எல்லாத் துறைகளின் வெளியீடுகளையும் எண்ணுகின்றன. அப்படி ஒரு பதிவேடு இல்லாத இடத்தில் ‘இயற்கை அறிவியல், மருத்துவம், பொறியியல் மட்டும்’ என்று தலைப்பிலேயே எழுதிவிடுவது நேர்மை. நாட்டுக்கான ஹெச் குறியீட்டையும் (ஹெச் என்பது 50 என்றால், குறைந்தது 50 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 50 உள்ளன என்று பொருள்) விட்டுவிடலாம். அது அளவோடு சேர்ந்தே வளரும், ஒருபோதும் இறங்காது. ஆய்வே நின்றுபோன நாட்டிலும் அது அப்படியே நிற்கும்.

யாரோடு ஒப்பிடுவது என்பதில் பெரும்பாலும் ஆசை முந்திக்கொள்கிறது. 2004இல் பிரிட்டிஷ் அரசின் அப்போதைய தலைமை அறிவியல் ஆலோசகர் டேவிட் கிங் நேச்சரில் வெளியிட்ட புகழ்பெற்ற நாட்டு ஒப்பீட்டில் 31 நாடுகள்தாம் இருந்தன; உலகில் மிக அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைகளில் 98 சதவீதம் அவற்றிடமே இருந்தது. அந்தப் பட்டியலில் இடம்பெறாத நாட்டைச் சுவிட்சர்லாந்தோடு நிறுத்திப் பார்ப்பதால் எதுவும் தெரியவராது. கட்டுரை எண்ணிக்கையில் பாதி முதல் இருமடங்கு வரை, துறைக் கலவையில் ஓரளவு நெருக்கம் என்ற இரண்டு அளவுகோல்களை வைத்து ஐந்தாறு நாடுகளைத் தேர்ந்தெடுங்கள். எஸ்டோனியாவுக்கு லாட்வியாவும் லித்துவேனியாவும் ஸ்லோவேனியாவும் பொருத்தம். துறைக் கலவையைப் பார்க்க எளிய வழி: அந்த நாட்டில் ஒரு துறைக்கு உள்ள பங்கை உலகில் அதே துறைக்கு உள்ள பங்கால் வகுப்பது. கடலியலுக்கு 5, கணினியியலுக்கு 0.4 என்று வரும் நாட்டை அதற்கு நேர்மாறான நாட்டோடு ஒப்பிட முடியாது.

கடைசியாக, தரவை இறக்கிய நாளும் தளத்தின் பதிப்பும் அட்டவணைக்குக் கீழேயே இருக்கட்டும்; இறக்கிய மூலக் கோப்பையும் பத்திரப்படுத்துங்கள். தளங்கள் பழைய ஆண்டுகளுக்கும் இதழ்களைச் சேர்க்கின்றன, முகவரிகளைத் திருத்துகின்றன, இரட்டைப் பதிவுகளை இணைக்கின்றன. அதே வினவலை ஓராண்டு கழித்து ஓட்டினால் முந்தைய ஆண்டுகளின் எண்களும் மாறியிருக்கும். அதனால் அடுத்த ஆண்டு அறிக்கைக்கு, பழைய அட்டவணையின் அடியில் புதிய வரி ஒன்றை ஒட்டாமல், எல்லா ஆண்டுகளையும் ஒரே நாளில் இறக்கி முதலிலிருந்து கணக்கிடுங்கள்.